முயலுக்கு மூன்றே கால்: உறுதிப்படுத்தல் சார்பு என்பது என்ன?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவனை நம் எல்லோருக்கும் தெரியும். முயல் அவன் கையில்தான் இருக்கிறது, நான்கு கால்களும் துடிக்கின்றன, ஆனாலும் மூன்று என்றே சொல்கிறான். பழமொழியில் வரும் அந்த ஆள் பிடிவாதக்காரன். உண்மை கண்ணெதிரே இருந்தும் ஒப்புக்கொள்ள மனமில்லாதவன்.

அந்தப் பழமொழியைச் சொல்லும் இடங்களில் இப்போது 'கன்ஃபர்மேஷன் பயாஸ்' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறோம். வாக்குவாதம் முற்றும்போது எதிரில் இருப்பவரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள். சிலர் பிடிவாதம் என்ற பொருளில் சொல்கிறார்கள், சிலர் அறிவுக்குறைவு என்ற பொருளில், வேறு சிலர் பொய் சொல்கிறார் என்பதற்கு நாகரிகமான மாற்றுச் சொல்லாக. மூன்று பொருளும் தவறு. அந்தத் தவறு சின்னதும் இல்லை. இது பிடிவாதக்காரர்களின் நோய் என்று நினைத்துவிட்டால், பிடிவாதம் இல்லாத நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

உண்மையில் நடப்பதைப் புரிந்துகொள்ள, அந்த முயல்காரனைக் கொஞ்சம் மாற்றி நினைத்துப் பாருங்கள். அவன் நேர்மையானவன். அவன் நின்ற இடத்திலிருந்து மூன்று கால்கள்தான் தெரிந்தன. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணிப் பார்த்தான். ஆனால் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றே எண்ணினான். மூன்றுதான் வந்தது. இரண்டு முறை சரிபார்த்த விஷயம் என்பதால், அவனுடைய உறுதி இப்போது இரட்டிப்பாகிவிட்டது.

நினைத்தவுடன் வந்த அழைப்பு

ஒரு பழைய நண்பரை நினைக்கிறீர்கள். அடுத்த சில நிமிடங்களில் அவரே தொலைபேசியில் அழைக்கிறார். "உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்!" என்கிறீர்கள். நினைப்புக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று தோன்றுகிறது. யோசித்தால், இதற்கு முன்பும் இப்படி நான்கைந்து முறை நடந்திருப்பது நினைவுக்கு வருகிறது.

இதைச் சரியாகச் சோதிக்க நான்கு பெட்டிகள் வேண்டும். நினைத்தேன், அழைப்பு வந்தது: இது முதல் பெட்டி. நினைத்தேன், அழைப்பு வரவில்லை: இரண்டாவது. நினைக்கவில்லை, ஆனாலும் அழைப்பு வந்தது: மூன்றாவது. நினைக்கவும் இல்லை, அழைப்பும் இல்லை: நான்காவது. நினைப்புக்கும் அழைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதை, நான்கிலும் எத்தனை விழுந்தன என்று ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

நம் நினைவில் இருப்பதோ முதல் பெட்டி மட்டுமே. அதில் விழுவது ஒரு நிகழ்ச்சி. உடனே மனதில் பதிகிறது, நான்கு பேரிடம் சொல்கிறோம். மற்ற மூன்றிலும் விழுவது பெரும்பாலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதான். நண்பரை நினைத்து, அவர் அழைக்காமல் போன ஆயிரம் மாலைகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

ஆங்கிலத் தத்துவவாதி ஃபிரான்சிஸ் பேக்கன் 1620-லேயே இதைக் கவனித்து எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பழங்கதை ஒன்று உண்டு. ஒருவரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், கப்பல் மூழ்கும் ஆபத்தில் நேர்ந்துகொண்டு உயிர் பிழைத்தவர்களின் படங்களைக் காட்டுகிறார்கள். இதற்குப் பிறகாவது தெய்வங்களின் சக்தியை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கிறார்கள். அவர் திருப்பிக் கேட்கிறார்: "நேர்ந்துகொண்ட பிறகும் மூழ்கிப் போனார்களே, அவர்களுடைய படங்கள் எங்கே?" அந்த மனிதர் கேட்டது இரண்டாவது பெட்டியை.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஒரு கருத்துக்குப் பொருந்தும் நிகழ்ச்சிகள் தாமாகவே கண்ணில் படுகின்றன, நினைவில் நிற்கின்றன. பொருந்தாதவற்றை நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு, நான்கு, ஆறு

தேடிப் போகும்போதாவது நாம் சரியாகத் தேடுகிறோமா? 1960-ல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு எளிய விளையாட்டை அமைத்தார். அதை நீங்களும் இப்போதே ஆடிப் பார்க்கலாம்.

என் மனதில் ஒரு விதி இருக்கிறது. அதற்குப் பொருந்தும் மூன்று எண்கள்: 2, 4, 6. நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள்; அவை விதிக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று நான் சொல்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். விதி உறுதியாகத் தெரிந்துவிட்டது என்று தோன்றும்போது அறிவியுங்கள்.

பெரும்பாலானவர்கள் 8, 10, 12 என்று தொடங்குவார்கள். பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். கொஞ்சம் எச்சரிக்கையானவர் 1, 3, 5 என்று கேட்பார். அதுவும் பொருந்தும். இவ்வளவு போதும் என்று, "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என அறிவிப்பார்கள்.

அது தவறு. விதி இதைவிட எளிமையானது: ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் பொருந்தும். 5, 17, 90 பொருந்தும். 1, 2, 3 பொருந்தும். 6, 4, 2 பொருந்தாது. வேசனின் சோதனையில் பங்கேற்ற 29 பேரில், ஒரு தவறான விதியையும் அறிவிக்காமல் சரியான விடைக்கு வந்தவர்கள் 6 பேர்தான்.

தடுக்கி விழுந்தவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு அந்த விதியின் மீது எந்தப் பாசமும் இல்லை. அது அவர்களுடைய கட்சியோ மதமோ குடும்பமோ அல்ல. அரை நிமிடத்துக்கு முன் தோன்றிய வெறும் ஊகம். தோற்றால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. சோம்பேறிகளும் அல்லர், சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டது. தங்கள் ஊகம் சரியாக இருந்தால் 'இல்லை' என்று வந்தாக வேண்டிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. 1, 2, 3 என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால், 'பொருந்தும்' என்ற எதிர்பாராத பதில் வந்து ஊகம் உடைந்திருக்கும்.

முயல்காரன் அதே இடத்தில் நின்று மறுபடி எண்ணினான் என்றேனே, அது இதுதான். எத்தனை முறை சோதித்தோம் என்பது இங்கே கணக்கில்லை. நம் கருத்து தவறாக இருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் கணக்கு.

எனவே வரையறை இப்படி வரும். உறுதிப்படுத்தல் சார்பு என்பது, ஏற்கெனவே மனதில் உள்ள ஒரு கருத்துக்கு ஆதரவாக அமையும் வகையில் தகவலைத் தேடுவது, பொருள்கொள்வது, நினைவில் வைப்பது. இதைச் செய்கிறோம் என்று செய்பவருக்குத் தெரியாது.

கேள்வியே பதிலை அழைத்து வருகிறது

எண்களோடு விளையாடும்போது நஷ்டமில்லை. மனிதர்களிடம் இதே முறையைப் பயன்படுத்தும்போது என்ன ஆகிறது என்பதை 1978-ல் மார்க் ஸ்னைடரும் வில்லியம் ஸ்வானும் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரை நேர்காணல் செய்து, அவர் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுகிறவரா என்று கண்டறியும்படி சிலரிடம் சொன்னார்கள். வேறு சிலரிடம், அவர் கூச்சம் உள்ளவரா என்று கண்டறியச் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பட்டியலிலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

கலகலப்பைத் தேடியவர்கள், "ஒரு விருந்தைக் களைகட்டச் செய்ய நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்ற வகைக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு எவ்வளவு கூச்சமுள்ளவரும் ஏதாவது ஒரு பதில் சொல்லத்தான் செய்வார். சொன்ன பதில் அவரைக் கலகலப்பானவராகவே காட்டும். கேட்டவர் தன் ஊகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எழுந்து போவார். ஆதாரத்தை உண்டாக்கியது தன்னுடைய கேள்விதான் என்பது அவருக்குத் தெரியாது.

"அவன் உன்னை எப்போதெல்லாம் மதிக்காமல் பேசியிருக்கிறான்?" என்று ஒரு தோழியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் நினைவைத் துழாவி நான்கு சம்பவங்களைக் கொண்டுவருவாள். "எப்போதெல்லாம் உனக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான்?" என்று கேட்டிருந்தால், அதே நினைவிலிருந்து வேறு நான்கு சம்பவங்கள் வந்திருக்கும். எட்டுமே உண்மையாக இருக்கலாம்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பது தன்னளவில் குற்றமல்ல. ஜோஷுவா கிளேமனும் யங்-வோன் ஹாவும் 1987-ல் இதற்கு 'நேர்ச் சோதனை' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்து, பல சூழ்நிலைகளில் அது சிக்கனமான, பயனுள்ள வழி என்று காட்டினார்கள். காணாமல் போன சாவி சட்டைப் பையில் இருக்கும் என்று தோன்றினால், முதலில் சட்டைப் பையைத்தான் பார்க்க வேண்டும். சாவி இருக்கவே வாய்ப்பில்லாத இடங்களை வரிசையாகத் தேடிக்கொண்டிருப்பவரை யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். உண்மை நம் ஊகத்தைவிட விரிந்து கிடக்கும்போதுதான் நேர்ச் சோதனை காலை வாருகிறது. வேசனின் விதி அப்படிப்பட்டது: ஊகம் சிறிய வட்டம், விதி அதைச் சுற்றிய பெரிய வட்டம். சிறிய வட்டத்துக்குள் எங்கே தொட்டாலும் 'ஆம்' என்றுதான் வரும்.

ஆக, இது மூளையின் கோளாறு என்று சொல்வது மிகையாகிவிடும். அன்றாடத்துக்கு உதவும் ஒரு பழக்கம், இடம் தெரியாமல் நுழைந்துவிடுகிறது.

ஒரே தராசு, இரண்டு படிக்கல்

தேடுவது ஒரு பாதி. கைக்கு வந்ததை எடைபோடுவது இன்னொரு பாதி. இங்கே விருப்பு வெறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

1979-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 48 மாணவர்களை அழைத்தார்கள். பாதிப் பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், மறு பாதிப் பேர் எதிர்ப்பவர்கள். எல்லோருக்கும் இரண்டு ஆய்வறிக்கைகள் கொடுக்கப்பட்டன. மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது ஒன்று. குறைக்கவில்லை என்றது மற்றது. இரண்டும் இந்தச் சோதனைக்காகவே தயாரிக்கப்பட்டவை. எந்த ஆய்வு முறை எந்த முடிவைத் தருகிறது என்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றி வைத்திருந்தார்கள்.

இரு தரப்பும் தங்கள் கருத்துக்கு ஒத்த அறிக்கையை நல்ல ஆய்வு என்றார்கள். ஒவ்வாத அறிக்கையில் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டைகள் பொய்யானவை அல்ல என்பதைக் கவனியுங்கள். எந்த ஆய்விலும் தேடினால் குறைகள் கிடைக்கும். ஆனால் ஒரு அறிக்கையில்தான் தேடினார்கள். ஒரே முறை சாதகமான முடிவைத் தந்தபோது பாராட்டப்பட்டது, பாதகமான முடிவைத் தந்தபோது குறைசொல்லப்பட்டது. ஒரே தகவலைப் படித்த இரு தரப்பினரும், தங்கள் பழைய கருத்து முன்பைவிட வலுவாகிவிட்டது என்று சொல்லி வெளியே போனார்கள்.

உளவியலாளர் தாமஸ் கிலோவிச் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்திருக்கிறார். பிடித்த செய்தி வந்தால், "இதை நம்பலாமா?" என்று மனம் கேட்கிறது. பிடிக்காத செய்தி வந்தால், "இதை நம்பித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு ஒரு சிறு ஆதாரம் போதும். இரண்டாவது கேள்விக்கு மலையளவு ஆதாரம் வந்தாலும் ஒரு விரிசல் கிடைத்துவிடும். தராசு ஒன்றுதான், படிக்கல் மாறிவிடுகிறது. மாற்றிய கை நம்முடையது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

இருட்டறையில் தெரிந்த வெளிச்சம்

அறிவாளிகளுக்கு இது நேராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1903-ல் பிரான்சின் நான்சி நகரில், மதிப்புமிக்க இயற்பியலாளரான ரெனே ப்ளோண்ட்லோ ஒரு புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஊரின் பெயரால் அதை என்-கதிர் என்றார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். இன்னொரு கதிர் என்பதில் யாருக்கும் வியப்பில்லை. கதிர் படும்போது மங்கலான ஒரு ஒளிப்புள்ளி சற்றுக் கூடுதலாக மிளிரும். அதை இருட்டறையில் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு பல பிரெஞ்சு விஞ்ஞானிகளும் பார்த்தோம் என்றார்கள். பிற நாட்டு ஆய்வகங்கள் பலவற்றில் தெரியவில்லை.

1904-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்கு நேரில் போனார். கதிரைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். அவர்கள் முன்பு போலவே கதிரைப் 'பார்த்து' அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை அத்துடன் முடிந்தது.

இதை விஞ்ஞானிகளின் முட்டாள்தனமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ப்ளோண்ட்லோ யாரையும் ஏமாற்றவில்லை. பார்வையின் விளிம்பில் இருக்கும் மங்கல் ஒளியை, தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பார்த்தவருக்கு அது தெரிந்தது. வுட் செய்தது, கருத்து தவறானால் அதைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு சோதனையை. அதை ஆய்வகத்தில் இருந்த யாரும் செய்திருக்கலாம்.

கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் முதலிய ஆய்வாளர்களும், தன் பக்கத்துக்கே சாதகமாகச் சிந்திக்கும் இந்தப் போக்குக்கும் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் மிகக் குறைந்த தொடர்பே இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். கூர்மையான மூளை, தன் கருத்துக்குக் கூர்மையான வாதங்களையும் தேடித் தந்துவிடும்.

அரண்டவன் கண்

விரும்புவதைத்தான் நம்புகிறோம் என்று இதைச் சுருக்கிவிடுகிறவர்களும் உண்டு. அது பாதி உண்மை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேய் வர வேண்டும் என்று அவன் ஆசைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு நிழலும் பேய்க்குச் சாட்சியாகிறது. தனக்குப் பெரிய நோய் இருக்கிறது என்று அஞ்சுகிறவர், தன்னை யாருக்கும் பிடிக்காது என்று நம்புகிறவர், துணைவர் மீது சந்தேகம் கொண்டவர் எல்லோரும் தங்களை வதைக்கும் கருத்துக்கே ஆதாரம் சேர்க்கிறார்கள். கருத்து இனிப்பாக இருக்க வேண்டியதில்லை. முதலில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

எனக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். ஒரு மூத்த சக ஊழியருக்கு என்னைப் பிடிக்காது என்று இரண்டு ஆண்டுகள் உறுதியாக நம்பினேன். நான் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார். நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார். ஒவ்வொன்றும் எனக்கு ஆதாரமாயிற்று. ஒருநாள் அவர் சிரித்தபோது, அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டேன்.

எவை இது அல்ல

வேண்டுமென்றே ஆதாரத்தை மறைப்பது உறுதிப்படுத்தல் சார்பு அல்ல, அது ஏமாற்று. கட்சிக்காரருக்காக ஒரு பக்கத்தை மட்டும் வாதாடும் வழக்கறிஞர் தன் வேலையைச் செய்கிறார், எதைச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். நன்கு சோதித்த கருத்தை எளிதில் கைவிட மறுப்பதும் இது அல்ல. பூமி தட்டை என்று ஒருவர் வந்து சொன்னால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சமூக ஊடகம் நமக்குப் பிடித்ததையே மீண்டும் மீண்டும் காட்டுவது இயந்திரத்தின் தேர்வு. நம் மனத்தின் சார்புக்கு அது தீனி போடுகிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செயலியை அழித்துவிட்டாலும் முதல் பெட்டி மட்டும் நினைவில் நிற்கும்.

கேள்வியை மாற்றுவது

மரண தண்டனை ஆய்வைச் செய்த லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனுடன் சேர்ந்து 1984-ல் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். இம்முறை சிலரிடம், கூடிய மட்டும் நடுநிலையோடு, பாரபட்சமின்றி எடைபோடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் பலன் இல்லை. அவர்கள் ஏற்கெனவே நடுநிலையோடுதான் பார்க்கிறோம் என்று நம்பியவர்கள். வேறு சிலரிடம் ஒரு குறிப்பான கேள்வியைக் கொடுத்தார்கள்: இதே ஆய்வு இதே முறையில் நடந்து, முடிவு மட்டும் எதிர்ப்பக்கமாக வந்திருந்தால், அப்போதும் இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா? இதைக் கேட்டுக்கொண்டவர்களிடம் சார்பு குறைந்தது. நல்ல எண்ணம் சாதிக்காததைக் கேள்வியின் அமைப்பு சாதித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

சார்லஸ் டார்வின் வேறொரு வழியை வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால், தவறாமல் உடனே குறித்து வைப்பதைப் பல ஆண்டுகள் விதியாகக் கடைப்பிடித்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவை சாதகமானவற்றைவிட எளிதில் நினைவிலிருந்து நழுவிவிடும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்.

மூன்றாவது வழி, மாற்றுக் கருத்துள்ள இன்னொருவர். யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் இருவரும் 2011-ல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்தும்: நம் தர்க்கத்திறன் தனிமையில் உண்மையைத் தேடுவதைவிட, பிறரோடு வாதிடுவதற்கே உருவானது. அதனால் தன் வாதத்தின் ஓட்டை தெரிவதில்லை, அடுத்தவர் வாதத்தின் ஓட்டை உடனே தெரிகிறது. நேர்மையாக வாதிடும் இரண்டு பேர் சேர்ந்தால் முயலின் இரு பக்கமும் பார்வைக்கு வந்துவிடும்.

நான் டார்வினின் வழியை எடுத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, அந்த மூத்தவர் என்னை வெறுக்கிறார் என்பதற்குப் பொருந்துவதை இடப்பக்கமும், பொருந்தாததை வலப்பக்கமும் எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. இரண்டாவது வாரம் ஒன்று: என் அம்மாவின் உடல்நலத்தை விசாரித்தார். அதற்குப் பிறகு ஒன்று: நான் தயாரித்த குறிப்பை மேலிடத்துக்கு அனுப்பும்போது என் பெயரைச் சேர்த்திருந்தார். அவற்றை எழுதும்போதுதான் உறைத்தது, இடப்பக்கம் நிறைந்து கிடந்த ஒற்றைச் சொல் பதில்களை நான் எதனோடும் ஒப்பிட்டதே இல்லை. மறுநாள் முழுவதும், மற்றவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தேன். எல்லோருக்கும் ஒற்றைச் சொல்தான்.